கத்திரி வெயில்ல கடல் பாக்கப் போன கதை

வா தம்பி, இப்படி வேப்ப நிழலுக்கு வா. முகம் என்ன இது, அவிச்ச பனங்கிழங்கு மாதிரி தொங்கிக் கிடக்கு? டூர் போகப் போறியா? அதுவும் கத்திரி வெயில்ல? சேக்காளியளோட மெட்ராஸைச் சுத்திட்டு, அப்படியே கடற்கரை ஊருகளையும் பாக்கப் போறியா? போ. நல்லாப் போ. வேண்டாம்னு சொல்ல நான் யாரு?

போறதுக்கு முன்னால இந்தக் கதையக் காதுல வாங்கிக்கோ. போன வருசம் என் பேரனும் சேக்காளியளும் இதே ஏற்பாட்டோடதான் கிளம்புனாவ. கூட நானும் போனேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போக அவங்களுக்கு ஆசைன்னு நினைச்சிராத. கண்ணுல புரை எடுக்க மெட்ராஸ்ல மக வீட்டுல போய்க் கிடந்தேன். "எப்படியும் அந்தப் பக்கந்தானே போறீங்க, தாத்தாவ ஊர்ல இறக்கி விட்டுருங்க"ன்னு மக சொல்லிட்டா. ஆக, பதினோரு பையோட பன்னெண்டாவது பையா நானும் ஏறிக்கிட்டேன்.

பதினொண்ணுன்னா மிகைன்னு நினைக்காத. புரை எடுத்த கண்ணால நானே எண்ணுனேன். ஆளு அஞ்சு, பை பதினொண்ணு. ஒண்ணுல கேமரா. ஒண்ணுல கேமராவுக்கு மூணு காலு. அந்தக் காலுக்கு ஒரு உறை. போனுக்குச் சோறூட்டுற டப்பா ஆளுக்கு ரெண்டு. ஒரு பயலோட பையில சின்னதா, மெத்துன்னு ஒரு துணி மடிச்சு வச்சிருந்தான். என்னலேன்னு கேட்டேன். "டிராவல் டவல் தாத்தா. சீக்கிரம் காஞ்சிரும், மடிச்சா கைக்குள்ள அடங்கிரும்"ங்கான். விலை சொன்னான். எனக்குத் தலை சுத்திட்டு.

நான் நாப்பது வருசம் கருப்பட்டி ஏவாரம் பாத்தவன். சைக்கிள் கேரியர்ல ஓலைப்பெட்டியக் கட்டி, உடன்குடியில இருந்து உவரி வரைக்கும் கரையோரம் பூரா மிதிச்சிருக்கேன். என் சாமான் மொத்தம் ஒரு துண்டு. வெயிலுக்குத் தலப்பா. குளிச்சா துவட்ட. படுத்தா விரிப்பு. கடன் கொடுத்தவன் எதிர வந்தா முக்காடு. அதுவும் சீக்கிரம் காயும், கைக்குள்ள அடங்கும். அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் வைக்கத் தெரியாம போச்சே, வச்சிருந்தா மச்சு வீடு கட்டியிருப்பேனே!

பேரன் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வச்சிருந்தான். எத்தனை மணிக்கு எங்க நிக்கணும்னு நிமிசக் கணக்கு. காலை 5.40 சூரிய உதயம். 6.05 டிபன். சூரியனுக்கு இருபத்தஞ்சு நிமிசம் ஒதுக்கியிருக்கான், தாராள மனசு! கேட்டா, "பிளான் பண்ணாம போனா டயம் வேஸ்ட் தாத்தா"ங்கான். சரி, பிளான்ல ரயில் எங்கலேன்னு கேட்டேன். முத்துநகர் ரயிலுக்கு அறுபது நாளைக்கு முன்னாலயே டிக்கெட் திறந்துட்டான். அந்த அறுபது நாளும் இவனுவ என்ன பண்ணியிருக்கானுவ தெரியுமா? வாட்ஸப் குழுவுக்கு என்ன பேர் வைக்கன்னு பேசியிருக்கானுவ. பேர் கிடைச்சப்போ டிக்கெட் இல்ல. கடைசியில மூணு மடங்கு காசுக்கு ஒரு வேன்.

அதுக்கு முன்னால மெட்ராஸ் ரெண்டு நாள். மொத நாள் மெரினாவுக்குக் கிளம்புறானுவ, பகல் பன்னெண்டு மணிக்கு. காலையில சூரிய உதயம்னு போட்டிருந்தியேன்னு கேட்டா, அலாரம் அடிச்சுதாம், எல்லாரும் அணைச்சுட்டுப் படுத்துட்டாங்களாம். மே நாலாந் தேதி வாக்குல பிறக்குற அக்னி நட்சத்திரம் இருபத்தெட்டு வரைக்கும் நின்னு எரிக்கும். அந்த நேரத்துல உச்சிவெயில்ல மணல்ல கால் வச்சா என்ன ஆகும்? பப்படத்துக்கு என்ன ஆகுமோ அது ஆகும். சுண்டல் விக்கிற பையன் எங்களைப் பாத்துச் சிரிச்சான். "இன்னா பெர்சு, இந்த வெயில்ல வந்துகினு? மூணு மணிக்கு மேல வா, காத்து ஏறும்"னான்.

அவன் சொன்னதுல எவ்வளவு சரக்கு இருக்கு தெரியுமா? அந்தூருக்குக் கடக்காத்துதான் சாமி. தரை சூடேறி, காத்து லேசாகி மேல போகும். அந்த இடத்தை ரொப்பக் கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வரும். மேக்க இருந்து வெக்கைக் காத்து உரமா அடிச்சுதுன்னா, கடக்காத்து கரையேற முடியாம அந்தானைக்கு நிக்கும். அன்னிக்கு ஊரு பூரா வறுகடலைச் சட்டி. எந்த நாள் எப்படின்னு சுண்டல்காரனுக்குத் தெரியும். அவன் பொழப்பே அந்தக் காத்துலதான கிடக்கு? காத்து வந்தாத்தான் கூட்டம், கூட்டம் வந்தாத்தான் சுண்டல். ஆனா நம்ம பயலுவ என்ன பண்ணுனானுவ? அவன்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டு, போன்ல "மெரினா போக நல்ல நேரம் எது"ன்னு தட்டிக்கிட்டு நிக்கானுவ. ஆள் முன்னால நிக்கான்லே! ஒரு பொட்டலம் சுண்டல் வாங்குனா சும்மாவே சொல்லுவான்லே!

சாயங்காலம் பெசன்ட் நகர் போகணும். பேரன் டாக்சி கூப்பிட்டான். மூணு டாக்சிக்காரன் வாரேன்னுட்டு வராம போயிட்டான். கூட வந்த ரெண்டு பொம்பளப் பிள்ளையளும் பொறுத்துப் பாத்துட்டு, எதிர வந்த டவுன் பஸ்ஸுல ஏறிட்டுதுவ. பொம்பளையளுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. நாங்க வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தப்போ, அதுக ரெண்டும் மிளகாய் பஜ்ஜியத் தின்னு முடிச்சுட்டுக் கை கழுவிக்கிட்டு நிக்குதுவ.

அந்தக் கடற்கரையில வெள்ளை வெளேர்னு வளைவு மாதிரி ஒரு கட்டடம் நிக்குது, பாத்திருப்ப. சினிமாவுல கூட வரும். நம்ம கூட்டம் அது முன்னால விதம் விதமா நின்னு படம் எடுத்துச்சு. குதிச்சு ஒண்ணு, கையை விரிச்சு ஒண்ணு, அது மேல சாஞ்சு ஒண்ணு. நான் கேட்டேன், "யாருக்குலே கட்டியிருக்கான் இதை?" ஒருத்தனுக்கும் தெரியல. "ஃபேமஸ் ஸ்பாட் தாத்தா"ங்கான். அஞ்சு பேர்ல சத்தமே போடாத மதுரைக்காரப் பிள்ளை ஒண்ணு. அது மட்டும் பக்கத்துல கடலை வறுக்கிற அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுச்சு. ஸ்மித்தோ என்னமோ ஒரு வெள்ளைக்காரன், தண்ணியில தத்தளிச்சவங்களக் காப்பாத்தப் போய்ச் செத்துட்டானாம், அவனுக்குக் கட்டுனதுன்னு. அப்புறம் போன்லயும் பாத்துச்சு. டென்மார்க்குல இருந்து வந்த மாலுமி, கார்ல் ஷ்மிட்டுன்னு பேரு, 1930-ல நடந்தது. சாஞ்சு நின்னு படம் எடுத்த பய மெல்ல நிமிந்துக்கிட்டான்.

ராத்திரி ஒரு காப்பிக் கடை. உள்ள போனா செவரு பூசல. செங்கல் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. பாவம், கட்டி முடிக்கக் காசு பத்தலையோன்னு நினைச்சேன். பில்லு வந்த பொறகுதான் தெரிஞ்சது, காசு பத்தாதது நமக்குன்னு. எங்க ஆச்சி பரண்ல தூக்கிப் போட்ட அரிக்கேன் விளக்கை அங்க கொண்டாந்து தொங்க விட்டு, உள்ள கரண்ட் பல்பு மாட்டியிருக்கான். மூலையில ஒரு அம்மி. அதுல ஒரு பூந்தொட்டி. அம்மியில அரைச்ச பொம்பளைக்குத் தோள்பட்டை எப்படி வலிச்சிருக்கும்னு அந்தப் பூவுக்குத் தெரியுமா?

அட்டையில 'கருப்பட்டி லாட்டே'ன்னு போட்டிருந்தான். நம்ம சரக்காச்சேன்னு ஒண்ணு சொன்னேன். ஒரு வாய் குடிச்சேன், வச்சுட்டேன். சீனி கலந்த கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாச்சு தம்பி, இனிமே எவனும் நம்ம ஊர் பேரைச் சொல்லி ஏமாத்தக் கூடாதுன்னு. நாக்குக்குக் குறியீடு கொடுக்க முடியுமா? நல்ல கருப்பட்டிய உடைச்சா உள்ள மங்கலா இருக்கும். மினுமினுன்னு பளிங்கு தெரிஞ்சா சீனி. இதை அந்தக் கடைப் பையன்கிட்ட சொன்னேன். அவன் ரொம்ப மரியாதையா, "ஃபீட்பேக்குக்கு நன்றி சார்"னான். நாப்பது வருச ஏவாரத்துல எந்தத் திட்டும் இவ்வளவு மெத்துன்னு வந்து என் மேல விழுந்ததில்ல.

வேன் மொதல்ல போய் நின்ன தூத்துக்குடி பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. மக்ரூன் வாங்குனானுவ. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடிச்சுச் சுடுறது. வாயில போட்டா கரையும், பையில போட்டா நொறுங்கும். பதினோரு பையில எதுல வச்சா நொறுங்காதுன்னு அரை மணி நேரம் கூட்டம் போட்டுப் பேசுனானுவ. நான் ஒரு பொட்டலத்தை வயித்துல வச்சுக்கிட்டேன், பத்திரமா வந்துச்சு. பனிமய மாதா கோயிலைப் பாத்துட்டு ஒரு பய, "தாத்தா, தூத்துக்குடியில எப்போ பனி பெய்யும்?"னு கேட்டான். மாதாகிட்டயே கேளுலேன்னுட்டேன்.

ஆனா மணப்பாட்டைப் பத்திச் சொல்லணும். வேன்ல வரும்போதே, கூட்டத்துல கண்ணாடி போட்ட பய ஒருத்தன், "அடுத்தது ஒரு ஹிட்டன் ஜெம்"னான். அப்படின்னா? யாருக்கும் தெரியாம மறைஞ்சு கிடக்குற ரத்தினமாம். எலே! 1542-லயே முத்துக்குளித்துறைக் கரைக்கு சவேரியார் வந்துட்டாரு. இங்க உள்ள குகையில இருந்துதான் செபம் பண்ணுனாருன்னு இன்னிக்கும் ஊரு சொல்லுது. குன்று மேல திருச்சிலுவைக் கோயில் எழும்புனது 1581-ல. செப்டம்பர்ல திருநாள் வந்தா மணல் தெரியாது, தலைதான் தெரியும். நானூறு வருசத்துக்கு மேல சனம் வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கு. யாருகிட்ட இருந்துலே மறைஞ்சு கிடந்துச்சு? உன் ஒருத்தன்கிட்ட இருந்து. அது ஊரோட குத்தமா?

தங்குறதுக்கு 'ஹோம்ஸ்டே' பிடிச்சிருந்தானுவ, அந்தப் பக்கத்து ஊரு ஒண்ணுல. ஒரு ராத்திரிக்கு மூவாயிரம். பாரம்பரிய வீடு, கடக்காத்து, கிராமத்து அனுபவம்னு படத்தோட போட்டிருந்தானாம். உள்ள நுழைஞ்சதும் எனக்குப் பழகுன வாடை அடிச்சுது. நிமிந்து உத்தரத்தைப் பாத்தேன். அட, இது நான் வெயில் தாங்காம பெட்டிய இறக்கி வச்சுட்டுக் கட்டையச் சாய்ச்ச அதே பட்டாசல்! அந்தக் காலத்துல வீட்டு ஆச்சி படுக்கப் பாயும், குடிக்க நீச்சத்தண்ணியும், தொட்டுக்கக் கருவாடும் கொடுத்து, "மெல்லப் போலாம்யா"ன்னு சொல்லுவா. இப்போ அந்தப் பாயைச் சுருட்டிச் செவத்துல மாட்டி வச்சிருக்கான், அழகுக்காம். படுக்கக் கட்டில். கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாயைப் பாக்கணும், அதுதான் கிராமத்து அனுபவம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரோட்டோரத்துல ஒரு ஓட்டல். பலகையில 'இன்னிக்குப் பிடிச்ச மீன்'னு எழுதியிருக்கு. பேரன் வஞ்சிரம் சொன்னான். எங்க பக்கம் நெய்மீன்பாங்க. நான் பையப் பரிமாறுற தம்பியக் கூப்பிட்டேன். "ஏய்யா, ஏப்ரல் பதினஞ்சுல இருந்து சூன் பதினாலு வரைக்கும், அறுபத்தொரு நாளு, விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கு. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு கவருமெண்டு தடை போட்டிருக்கு. இந்த நெய்மீன் நீந்தியே ஓட்டலுக்கு வந்துச்சா?" அவன் அக்கம் பக்கம் பாத்துட்டுக் குனிஞ்சு, "ஐஸ்பெட்டி சரக்கு தாத்தா, முட்டை தோசை சாப்பிடுங்க"ன்னான். நல்ல பிள்ளை. நல்லா இருக்கணும்.

மறுநாள் வெள்ளன எந்திரிச்சுக் கடற்கரைக்குப் போனேன். தடை விசைப்படகுக்குத்தான, நாட்டுப்படகுக்கு ஏது? வள்ளம் கரையேறுது. மணல்லயே கொட்டி ஏலம் விடுதாவ. சாளை. வெள்ளிக் காசைக் குவிச்ச மாதிரி மினுங்குது. மெட்ராஸ்ல இதுக்கு மத்தின்னு பேரு, மதிப்பு கம்மி. வாங்கிக்கிட்டுப் பிள்ளையளைக் கிளப்பி எங்க ஊருக்கே கூட்டிட்டு வந்துட்டேன், பக்கந்தான. தேங்காயும் சீரகமும் அரைச்சு, புளி தூக்கலா ஊத்தி, எங்க வீட்டுல கிழவி குழம்பு வச்சா. அந்தக் கூட்டத்துல ஒரு பிள்ளை சோறே தொடாது. மெட்ராஸ்ல இருந்து வேன் பூரா, 'கார்ப்ஸ் கூடாது'ன்னு வெள்ளரிக்காயக் கடிச்சுக்கிட்டே வந்துச்சு. அது மூணாவது வாட்டி சோறு கேட்டப்போ கிழவி என்னைப் பாத்தா. நான் வெளிய பாத்தேன்.

பயினி குடிக்கணும்னு வேற ஆசை. ஒங்க பாசையில பதநீர். அதுக்கும் வெள்ளன போகணும். வெயில் ஏறுனா ருசி மாறிரும். கலயத்துல சுண்ணாம்பு தடவி வச்சிருக்கதாலதான் அது பயினி. தடவாம விட்டா புளிச்சுக் கள்ளாயிரும். பனையேறி இறங்கி வந்து ஓலைப்பட்டையில ஊத்திக் கொடுத்தாரு. கண்ணாடிக்காரன் வாயில வைக்கிறதுக்கு முன்னால, "அண்ணே, இது ஆர்கானிக்கா?"ன்னு கேட்டான். அவரு ரெண்டு நிமிசம் யோசிச்சாரு. மேல நிமிந்து மரத்தைப் பாத்தாரு. "இல்ல தம்பி, பனை"ன்னாரு.

இனி உவரிக் கதை. அதுல சிரிக்க ஒண்ணுமில்ல.

கப்பல் மாதா கோயிலைப் பாத்துட்டு, குளிக்கணும்னு கடலுக்கு வந்தோம். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. காத்தும் இல்ல. கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கிடக்கு. பயலுவ சட்டையக் கழட்டிட்டானுவ. அங்க ஒரு பெரியவரு மணல்ல காலை நீட்டி உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தாரு. தலையை நிமித்தாமலே, "தம்பியளா, இன்னிக்கு இறங்காதிய"ன்னாரு. பேரன் போனை நீட்டுதான், "இல்ல தாத்தா, காத்து ரொம்பக் கம்மி, வெதர் கிளியர்"னு. அவரு ஊசியை வலையில குத்தி வச்சுட்டு, கடலைக் காட்டுனாரு. "அலையப் பாரு. எண்ணு." எண்ணுனோம். சின்னதா வந்துக்கிட்டு இருந்த அலை, திடீர்னு இழுத்து, ரொம்ப நேரம் இழுத்து, அப்புறம் ஆள் உசரத்துக்கு எந்திரிச்சு வந்து, எங்க செருப்புக் கிடந்த இடத்தையும் தாண்டி மணலைத் துடைச்சுட்டுப் போயிட்டு.

கள்ளக்கடல்னு அதுக்குப் பேரு. எங்கயோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால, தெக்கு சமுத்திரத்துல புயல் அடிச்சிருக்கும். அங்க கிளம்புன அலை நாள் கணக்கா நடந்து வந்து நம்ம கரையைத் தட்டும். இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. கள்ளன் சொல்லிட்டா வருவான்? சித்திரை, வைகாசியிலதான் இது அடிக்கடி. நீங்க லீவு விட்டு வாரதும் அப்போதான். ஐதராபாத்துல இருக்கிற கவருமெண்டு கடல் ஆபீஸ்ல இருந்து எச்சரிக்கையும் கொடுக்கான், அது இவனுவ போன்லயும் வந்திருக்கு. 'கண்டுக்காதே'ன்னு தள்ளி விட்டிருக்கான் பேரன். 2024 மே மாசம் குமரி மாவட்டம் கணபதிபுரத்துல, ஒண்ணு சேர்ந்து வந்த டாக்டர் பிள்ளையளு அஞ்சு பேரு இப்படித்தான் போயிருச்சு. படிச்ச பிள்ளையளு. பெத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

யாரும் பேசல. மதுரைக்காரப் பிள்ளைதான், "தாத்தா, பெசன்ட் நகர்ல அந்த வெள்ளை வளைவு..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிச்சு. பயலுவ சட்டையப் போட்டுக்கிட்டானுவ.

அப்புறம் அந்தப் பிள்ளை வலை பின்னுற பெரியவரு பக்கத்துலயே உக்காந்துட்டு. அட்டவணைப்படி நாங்க 4.15-க்குக் கன்னியாகுமரியில இருக்கணுமாம். அது எந்திரிக்கவே இல்ல. வடக்க இருந்து வந்தா வாடை, கிழக்கன்னா கொண்டல், தெக்கன்னா சோழகம், மேக்க இருந்து அடிச்சா கச்சான், எல்லாம் கேட்டு எழுதிக்கிச்சு. காத்து மாறுனா எந்த மீன் ஒதுங்கும், எப்போ வலைய எடுத்துரணும்னு அவரு சொல்லச் சொல்ல, அது ஊசி பிடிச்சு ரெண்டு கண்ணியும் போட்டுச்சு. ரெண்டும் கோணல். பெரியவரு, "மீனுக்கு அது தெரியாதும்மா"ன்னாரு. கன்னியாகுமரி சூரியன் அன்னிக்கு எங்களுக்காகக் காத்திருக்கல. தானா மறைஞ்சுட்டு.

என்னை ஊர்ல இறக்கிவிட்டுட்டு அதுக போனப்போ பை பதினாலு ஆகியிருந்துச்சு. கருப்பட்டிப் பெட்டி மூணு. நல்ல விலைக்குத்தான் கொடுத்தேன், பேரன் கூட்டாளிங்கிறதால ஒண்ணும் குறைக்கல. ஏவாரம் வேற, பாசம் வேற. பேரன் போறப்போ அவனோட பழைய போனை என் கையில கொடுத்துட்டு, "இதை வச்சுக்கோங்க தாத்தா"ன்னு எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துட்டுப் போனான்.

ஆனி மாசம் ஒரு நாள் விடியக்காலை அந்த மதுரைக்காரப் பிள்ளை கூப்பிட்டுச்சு. நான் கட்டில்ல கிடக்கேன், போர்வையைக் கூட விலக்கல. "தாத்தா, அங்க இன்னிக்கு என்ன காத்து?"ன்னு கேக்கு. எந்திரிச்சுக் கதவைத் திறக்கணுமே, முட்டி வேற வலி. அப்படியே காதுல இருந்து போனை எடுத்து, அந்த மேகம் போட்ட பெட்டியைத் தொட்டுப் பாத்தேன். அம்புக்குறி மேக்க இருந்து நிக்கி.

"கச்சான்மா"ன்னேன். "உரமாத்தான் இருக்கு."

"எப்படித் தாத்தா அதுக்குள்ள சொல்றீங்க?"

"அனுபவம்மா"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.